கடைக் கணக்கும் நோட்டுக் கணக்கும்

200 ரூபாய் நோட்டைக் கொடுத்து 137 ரூபாய்க்குக் காய்கறி வாங்கினால் மீதி எவ்வளவு? சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் கடை போட்டிருக்கும் எந்த அக்காவும் இதற்காகப் பேனா தேடுவதில்லை. மூன்று ரூபாய் சில்லறையை நம் கையில் வைத்து ‘நூத்தி நாப்பது’ என்பார். பத்து ரூபாயை வைத்து ‘நூத்தி அம்பது’ என்பார். ஐம்பது ரூபாய் நோட்டை வைத்து, ‘எரநூறு, சரியா இருக்கா பாத்துக்குங்க’ என்று அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார். அறுபத்து மூன்று ரூபாய் வந்து சேர்ந்துவிட்டது. கழித்தல் என்ற ஒன்று நடக்கவே இல்லை. கூட்டிக்கொண்டே போய் முடித்துவிட்டார்.

அதே கணக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் 200 – 137 என்று மேலும் கீழுமாக உட்கார்ந்திருக்கிறது. பூஜ்ஜியத்திலிருந்து ஏழு போகாது. பக்கத்தில் கடன் வாங்கலாமென்றால் அங்கேயும் பூஜ்ஜியம். குழம்பிப்போன பிள்ளைகள் பலர் ஒரு குறுக்குவழி பிடிக்கிறார்கள்: எது மேலே இருந்தாலும் சரி, பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுவது. ஏழிலிருந்து பூஜ்ஜியம் போனால் ஏழு, மூன்றிலிருந்து பூஜ்ஜியம் போனால் மூன்று, இரண்டில் ஒன்று போனால் ஒன்று. விடை 137. இருநூறு ரூபாயில் 137 ரூபாய் செலவு செய்தபின் 137 ரூபாய் மீதி! கடையில் யாராவது இப்படிச் சொன்னால் அதே பிள்ளை சிரித்துவிடும். நோட்டில் எழுதும்போது அதற்குச் சந்தேகமே வருவதில்லை. அது ரூபாயாகவே தெரியவில்லை என்பதுதான் காரணம்.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அண்மையில் பெரிய அளவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் நடத்திய அந்த ஆய்வு 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,436 சிறுவர் சிறுமியரிடம் ஆய்வாளர்கள் பேசினார்கள். விலையைப் பெருக்கி, கூட்டி, மீதி கொடுக்கும் வேலையை அவர்களில் ஏறக்குறைய எல்லாருமே மனக்கணக்காகச் சரியாகச் செய்தார்கள். அதே அளவு கடினமான, ஏன், அதைவிட எளிதான ஒரு கணக்கைத் தாளில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது திணறினார்கள். அந்தச் சந்தைகளுக்குப் பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், வியாபாரப் பழக்கமே இல்லாத 471 பிள்ளைகளையும் சோதித்தார்கள். அவர்களுக்குத் தாள் கணக்கு ஓரளவு வந்தது. ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தீர்த்துவிட்ட ஒரு சந்தைக் கணக்கை இவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் தீர்த்தார். பிரேசில் நாட்டின் ரெசிஃபெ நகரத் தெருவோரச் சிறுவர் ஐந்து பேரிடம் 1985-இல் நடந்த சிறிய ஆய்வும் இதையே காட்டியது: தெருவில் 98 சதவீதம் சரி, தாளில் 37 சதவீதம் சரி.

சந்தைக்கு அனுப்பினால் பிள்ளை தானாகக் கணக்குப் படித்துவிடும் என்பதும் உண்மையில்லை, ஒப்பிக்கவைத்தால் படித்துவிடும் என்பதும் உண்மையில்லை. இன்னொரு நம்பிக்கையும் இதில் அடிபட்டுப்போகிறது. விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தாலே போதும் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் அல்லவா? டெல்லியில் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்கு நாலு மாதம் எண் விளையாட்டுகளும் வடிவ விளையாட்டுகளும் கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். எது அதிகம், எது குறைவு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் திறன் வளர்ந்தது, ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. பள்ளிக் கணக்கில் மட்டும் அது முன்னேற்றமாக மாறவில்லை. விளையாட்டில் கற்றதும் நோட்டில் எழுதுவதும் ஒன்றுதான் என்பதைப் பிள்ளைக்கு யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டித் தர வேண்டியிருக்கிறது. வீட்டில் செய்யும் கணக்கு, அறிவியல் செயல்பாடுகளின் மதிப்பு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கையால் செய்ததை வாயால் சொல்லி, சொன்னதைப் பள்ளிக்கூடத்து எண்ணாலும் குறியாலும் எழுத வேண்டும். எழுதாமல் விட்ட செயல்பாடு பாதியில் நின்றுபோன செயல்பாடு.

இதை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தை மனத்தில் வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இருங்காட்டுக்கோட்டைக் கார் தொழிற்சாலையிலிருந்து 1998-இல் முதல் கார் வெளிவந்த நாள் தொட்டு இந்த வட்டாரமே ஷிஃப்ட் நேரப்படி நடக்கத் தொடங்கிவிட்டது. ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் தொழில் வளாகங்கள் விரிந்தன. கம்பெனி பஸ் வரும் நேரத்தை வைத்துத்தான் சமையல், தூக்கம், பிள்ளையைக் கூப்பிட்டு வருவது எல்லாம். ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், அடுத்த வாரம் நைட் என்று மாறும் அம்மா, ஓ.டி. பார்த்துவிட்டு வரும் அப்பா, லைன் வீட்டில் ஓர் அறை. பிள்ளையோடு தினமும் ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்று இவர்களிடம் சொல்வது நியாயமில்லை.

ஆனால் இவர்களைப்போல் அளவுகளோடு புழங்குகிறவர்கள் அரிது. லைனில் நிற்கிறவருக்கு மணிக்கு எத்தனை பீஸ் டார்கெட், இதுவரை எத்தனை ஆயிற்று, ரிஜெக்‌ஷன் எத்தனை என்பது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. குவாலிட்டியில் இருப்பவர் வெர்னியர் பிடித்து மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றுக்கும் கீழே பார்க்கிறார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்து, ‘எனக்குக் கணக்கு வராதுப்பா, டியூஷன் மிஸ்கிட்ட கேளு’ என்று பிள்ளையிடம் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பகலெல்லாம் செய்துவிட்டு வந்தது கணக்கு என்று யாரும் அவரிடம் சொல்லவே இல்லை.

பட்டம் பெற்ற ஆசிரியர் இல்லாவிட்டாலும், அக்கறையுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தாலே என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. அந்தந்தத் தெருவில் இருக்கும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளையில் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளின் கற்றலைத் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். 2021 டிசம்பரில் தமிழில் இருந்த பின்னடைவைவிடக் கணக்கில் இருந்த பின்னடைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்களின் மதிப்பீடு. தெருவில் இருக்கும் ஓர் அக்கா மாலையில் கொடுத்த நேரத்தின் விலை அது.

இனி அந்த 200 – 137-க்கே வருவோம். வீட்டில் இதைச் செய்யப் பழைய காலண்டர் தாள் போதும். கிழித்து 100, 10, 1 என்று எழுதிக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் இது தேவைப்படவில்லை. கடைக்கு அனுப்பினால் பிள்ளை சில்லறையோடு வரும். இப்போது பெட்டிக்கடையிலும் ஸ்கேன் செய்து ‘டிங்’ என்று சத்தம் வந்தால் வேலை முடிந்தது. மீதி வாங்குவது, எண்ணிப் பார்ப்பது, குறைந்தால் திரும்ப ஓடுவது என்ற பெரிய கணக்குப் பள்ளி ஒன்று ஓசையில்லாமல் மூடிவிட்டது. அதை வீட்டுக்குள் நாமே திறக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கடைக்காரர் முறை. பிள்ளை கடைக்காரர், நீங்கள் வாங்குகிறவர். 137-இலிருந்து 140-க்கு மூன்று, 150-க்குப் பத்து, 200-க்கு ஐம்பது. கொடுத்து முடித்ததும் ஒரு கோடு போட்டு அதன்மேல் 137, 140, 150, 200 என்று குறித்து, இடையில் +3, +10, +50 என்று எழுதச் சொல்லுங்கள். 3 + 10 + 50 = 63. பிறகு பள்ளி முறை. இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை வைத்துக்கொண்டு 137 எடுத்துக் கொடு என்றால் முடியாது, மாற்ற வேண்டும். ஒரு நூறைக் கொடுத்துப் பத்துப் பத்து வாங்கு. அதில் ஒரு பத்தைக் கொடுத்துப் பத்து ஒன்று வாங்கு. இப்போது கையில் ஒரு நூறு, ஒன்பது பத்து, பத்து ஒன்று. மொத்தம் இன்னமும் 200 தானா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிடக் கூடாது. நோட்டில் எண்களுக்கு மேலே அடித்துத் திருத்தி எழுதும் 1, 9, 10 என்ற சின்ன எண்கள் அந்தத் தாள்கள்தான் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். ஒரு நூறில் ஒரு நூறு போனால் ஒன்றுமில்லை, ஒன்பது பத்தில் மூன்று பத்து போனால் ஆறு பத்து, பத்தில் ஏழு போனால் மூன்று. மறுபடி 63. இரண்டு வழியிலும் ஒரே விடை வருவதைப் பார்க்கும் பிள்ளை, இனிமேல் 137 என்று எழுதினால் நின்று யோசிக்கும்.

அளத்தலைத் தொடங்க எளிய இடம் வாசற்படி. வாசல் எத்தனை சாண் அகலம் என்று அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் அளந்து எழுதுங்கள், ஆனால் அளப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஓர் ஊகத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்று பேருக்கும் மூன்று விடை வரும். யார் சொல்வது சரி? எல்லாருமே சரி, எல்லாருடைய சாணும் வேறு. இந்த இடத்தில் அப்பா பேச வேண்டும். ஒரு கம்பெனியில் செய்த போல்ட் இன்னொரு கம்பெனியில் செய்த நட்டில் ஏன் இறுக்கமாகப் பொருந்துகிறது? யாரும் தன் சாணால் அளக்காததால். அடுத்து, ஸ்கேலால் ஒரே மேசையை ஐந்து முறை அளக்கச் சொன்னால் ஐந்தும் அப்படியே ஒத்துப்போகாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடும், குறையும். பிள்ளை தப்புச் செய்துவிட்டதாக நினைத்து அழித்து எழுதப் பார்க்கும். அழிக்கவிடாதீர்கள். எந்த அளவிலும் சிறிது ஊசலாட்டம் இருக்கும் என்பதாலேயே கம்பெனி டிராயிங்கில் ‘பிளஸ் ஆர் மைனஸ்’ போடுகிறார்கள் என்று சொல்லுங்கள். அளவைகளைப் பற்றி இதைவிட ஆழமான பாடம் கல்லூரியில்கூடக் கிடைப்பது அரிது.

கோலத்துக்குக் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், அதற்குள் அவ்வளவு இருக்கிறது. ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகக் கிழக்கே போனால் தாம்பரம் வரும். அங்கே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆய்வு செய்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் கோலத்தைக் கணிப்பொறி அறிவியலுக்குள் கொண்டுபோனார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுவதுபோல, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் கோலங்களை உருவாக்க முடியும் என்று காட்டிய அவர்களின் கட்டுரை 1974-இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. வாசலில் பெண்கள் கைப்பழக்கத்தில் வைத்திருந்த அறிவை அவர்கள் கணிதமாகப் படித்தார்கள்.

பிள்ளைகளோடு செய்ய, ‘7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி’யில் தொடங்கலாம். வரிசை வரிசையாக 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் எத்தனை புள்ளி? ஒவ்வொன்றாக எண்ணாமல் சொல்ல முடியுமா? மேலிருந்து நடுவரிசை வரை 1 + 3 + 5 + 7 = 16. அது நாலு நாலு பதினாறு. கீழே 5 + 3 + 1 = 9, மூன்று மூன்று ஒன்பது. ஆக 25. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கிய விடைதான் வரும். ஏன்? புளியங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வைத்து, அதன் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் மூலையுமாக மூன்று சேர்த்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம். அதைச் சுற்றி அதேபோல் சேர்க்க ஐந்து வேண்டும், மூன்றுக்கு மூன்று சதுரம். அடுத்ததற்கு ஏழு. ஒவ்வொரு முறையும் இரண்டு கொட்டை கூடுதலாகத் தேவைப்படுவது கண்ணுக்கே தெரியும். பிறகு 25 புள்ளிக் கோலத்தைத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். சாய்வாக நாலு நாலு புள்ளியாக நாலு வரிசை, அவற்றின் இடையில் மூன்று மூன்றாக மூன்று வரிசை. 16-உம் 9-உம் அங்கேயே நிற்கின்றன. 15 புள்ளி நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால், இனி பிள்ளை எண்ணப் போகாது. 64 + 49, அதாவது 113.

ஒரு வரிசையின் இடைவெளிகளில் அடுத்த வரிசைப் புள்ளிகள் அமையும் இடுக்குப் புள்ளியில் இன்னும் அழகான ஒன்று ஒளிந்திருக்கிறது. ‘3 புள்ளி, 2 வரை’ என்றால் 2, 3, 2, மொத்தம் 7. ‘5 புள்ளி, 3 வரை’ என்றால் 3, 4, 5, 4, 3, மொத்தம் 19. ‘7 புள்ளி, 4 வரை’ என்றால் 37. முதலில் ஒற்றைப் புள்ளி ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் 1, 7, 19, 37. இவற்றைச் சேர்த்துக்கொண்டே போங்கள்: 1, 8, 27, 64. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எண்களின் கன எண்கள்! பகடை மாதிரி ஒரே அளவுக் கட்டைகள் இருந்தால் காரணத்தையும் காட்டிவிடலாம். மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று என்று 27 கட்டைகளை அடுக்கி, ஒரு மூலையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பாருங்கள். தெரிகிற மூன்று பக்கங்களிலும் உள்ள கட்டைகளை மட்டும் உரித்து எடுத்தால் உள்ளே இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டு, அதாவது 8 மீதி. உரித்தது 19. அந்த மூலையிலிருந்து பார்த்தபோது தெரிந்த வடிவம் அறுகோணம், இடுக்குப் புள்ளிக் கோலத்தின் அதே அறுகோணம்.

நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிக்குக் கோலம். புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் சாய்வாகப் போய், அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நடுவிலெல்லாம் ஒன்றையொன்று வெட்டி, ஓரத்தில் வளைந்து திரும்பும் எளிய கோலம். 3-க்கு 4 புள்ளி வைத்தால் கையெடுக்காமல் ஒரே கோட்டில் முடியும். 3-க்கு 3 வைத்தால் முடியாது, மூன்று தனித்தனிக் கோடுகள் வேண்டும். 4-க்கு 6 என்றால் இரண்டு. 2-க்கு 3? 4-க்கு 4? போட்டுப் பார்த்து அட்டவணையாக எழுதச் சொல்லுங்கள். இரு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப்பெரிய எண் எதுவோ, அத்தனை கோடுகள். ஆறாம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணி என்று படிக்கப்போவதை அந்தப் பிள்ளை முன்கூட்டியே தன் கண்ணால் பார்த்துவிட்டது. கோடு கேரம் காய்போலச் சாய்வாக ஓடி ஓரத்தில் மோதித் திரும்புகிறது. இரு பக்க நீளங்களுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொதுவான காரணி இருந்தால், எல்லா இடங்களுக்கும் போகாமலேயே புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடுகிறது. அம்மாவுக்குக் கோலம் தெரியும், பிள்ளைக்கு எண் தெரியும், இந்தச் செயல்பாட்டில் இருவருமே ஆசிரியர்கள்.

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்ய ஒன்று: வண்டி எண். டிஎன் 87 என்று தொடங்கும் ஸ்ரீபெரும்புதூர் வண்டியோ, வெளியூர் ட்ரெய்லரோ, கடைசி நாலு இலக்கம் போதும். 4716 என்றால் 4 + 7 + 1 + 6 = 18. பதினெட்டு ஒன்பதால் வகுபடும், எனவே 4716-உம் வகுபடும். சூத்திரமாகச் சொல்லிக்கொடுத்தால் மறந்துபோகும், பங்கு பிரித்துக் காட்டினால் நிற்கும். ஆயிரம் ரூபாயை ஒன்பது பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு ரூபாய் மிஞ்சும். நூறைப் பிரித்தாலும் ஒன்று மிஞ்சும், பத்தைப் பிரித்தாலும் ஒன்றுதான் மிஞ்சும். நாலு ஆயிரத்தில் நாலு, ஏழு நூறில் ஏழு, ஒரு பத்தில் ஒன்று, கூடவே அந்த ஆறு. மிஞ்சியதெல்லாம் சேர்ந்து 18, அதையும் ஒன்பது பேருக்குப் பிரித்துவிடலாம்.

அறிவியலுக்கு அடுப்படியே போதும், கிட் வாங்க வேண்டியதில்லை. இட்லி மாவு அரைத்த அன்று ஒரே மாதிரி மூன்று டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மாவை ஊற்றி அடுப்படியில் வையுங்கள், ஒன்றில் அதே மாவை ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்றாவதில் உளுந்து சேர்க்காத வெறும் அரிசி மாவை ஊற்றி அடுப்படியிலேயே வையுங்கள். மாவு நிற்கும் உயரத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி, எது எவ்வளவு ஏறும் என்று பிள்ளையை ஊகித்து எழுதச் சொல்லுங்கள். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வரும் அம்மா இரவு ஓர் அளவு எடுக்கலாம், பிள்ளை விடிந்ததும் எடுக்கலாம். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிரிகள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்ஸைடை வெளியிடுகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அந்தக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு உப்பி எழுகிறது. குளிரில் நுண்ணுயிரிகள் மந்தமாகிவிடுகின்றன. அரிசி மாவிலோ வாயு வந்தாலும் பிடித்துவைக்க ஆள் இல்லை. இந்தப் பரிசோதனையில் பிள்ளை கற்க வேண்டியது நுண்ணுயிரியின் பெயர் இல்லை. முதல் டம்ளரோடு ஒப்பிட்டால் மற்ற ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயம்தான் மாறியிருக்கிறது என்பதைக் கவனிப்பது. மாவையும் மாற்றி இடத்தையும் மாற்றியிருந்தால் எதனால் என்று சொல்ல முடியாமல் போயிருக்கும். மருந்து ஆய்வுகள் வரை எல்லாமே இந்த ஒழுங்கில்தான் நடக்கின்றன.

வீட்டுப்பாடம் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கணக்கைக் கண்டாலே பதறும் பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவினால், பிள்ளை அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகக் கற்கிறது என்று அமெரிக்காவில் 438 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2015-இல் தெரிவித்தது. அவர்கள் பதற்றம் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்கிறது. ‘இதுகூடத் தெரியாதா’ என்ற ஒரு வார்த்தை நாலு நாள் நிற்கும். அதனால் பயப்படும் பெற்றோர் நோட்டின் முன்னால் உட்காராமல் மாவின் முன்னால் உட்காரலாம். அங்கே சரி, தப்பு என்று சொல்லும் அதிகாரம் பெற்றோரிடம் இல்லை, ரப்பர் பேண்டிடம் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மழையை அளக்கலாம். இந்த வட்டாரம் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையைச் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் என்று பதிவு செய்தார்கள். 47 சென்டிமீட்டர் மழை என்றால் என்ன? பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, செய்தி கேட்கும் பெரியவர்களுக்கும் இது தெளிவாக இருப்பதில்லை. தண்ணீர் ஓடாமல், உறிஞ்சாமல் விழுந்த இடத்திலேயே நின்றிருந்தால் முழங்காலளவு நின்றிருக்கும் என்று பொருள். பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதையே தலைகீழாகப் புனலாக வைத்து, அடியில் உள்ள மேடு பள்ளத்தைக் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு நிரப்பி, அந்த மட்டத்தில் பூஜ்ஜியம் வருமாறு ஸ்கேலை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். மேலே அகன்று கீழே குறுகும் எவர்சில்வர் டம்ளரை வைத்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். ஏன் என்று பிள்ளையையே கேளுங்கள், அகன்ற வாயில் விழுந்தது குறுகிய அடியில் போய் நிற்கிறது என்று அது கண்டுபிடித்துவிடும். பிறகு தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் வரையுங்கள். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சரியாக ஒரு லிட்டர். 2015-இல் அந்த ஒரு நாளில் செம்பரம்பாக்கத்தில் இப்படி ஒரு சதுரத்தின்மேல் விழுந்தது 470 லிட்டர், 20 லிட்டர் கேன் கணக்கில் இருபத்து மூன்றரை கேன். வீட்டு மொட்டைமாடி எத்தனை சதுர மீட்டர், அதில் எத்தனை கேன் என்று பெருக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி எதற்கென்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

வெயில் காலத்துக்கும் ஒன்று உண்டு. ஸ்ரீபெரும்புதூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, நட்டு வைத்த குச்சியின் நிழல் காணாமல் போகும். வழக்கமாக உச்சிவேளை என்று நாம் சொல்லும் பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஏப்ரலில் சுமார் 12.08-க்கும், ஆகஸ்டில் சுமார் 12.14-க்கும். இந்திய நேரம் நமக்குக் கிழக்கே, 82.5 டிகிரி தீர்க்கக்கோட்டில் வைத்துக் கணக்கிடப்படுவது இந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம். குச்சியைவிட ஒரு துண்டு பி.வி.சி. குழாய் நல்லது. நேராக நிறுத்தினால், அந்தச் சில நிமிடங்களில் மட்டும் குழாயின் உள்ளே தரை முழுதும் வெளிச்சம் விழும். பதினொன்றரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் முனையில் சாக்பீஸால் புள்ளி வைத்து நேரத்தையும் எழுதிவர வேண்டும். கண் சூரியனை நேரே பார்க்கக் கூடாது, தரையைத்தான் பார்க்க வேண்டும்.

பெங்களூரும் இதே 13 டிகிரிதான், எனவே அங்கும் அதே நாள். நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வருகிற ஊர், இங்கே பல வீடுகளுக்கு அங்கே சொந்தக்காரர் ஒருவராவது இருப்பார். அங்குள்ள மாமாவையோ சித்தியையோ குழாய் நிறுத்தச் சொல்லி போனில் பேசிக்கொண்டே செய்தால், நம் குழாயில் நிழல் போய், ஏறக்குறைய ஒன்பது நிமிடம் கழித்து அங்கே போகும். இரண்டு ஊருக்கும் தீர்க்கக்கோட்டில் வித்தியாசம் இரண்டே கால் டிகிரிக்குச் சற்று அதிகம். பூமி ஒரு டிகிரி சுழல எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறது, ஒரு முழுச் சுற்றான 360 டிகிரிக்கு எவ்வளவு என்று அந்த ஒன்பது நிமிடத்தை வைத்தே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வகுத்தும் பெருக்கியும் பார்க்கலாம். வருகிற விடை 24 மணி நேரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையும், எங்கே விலகியது, யார் கடிகாரம் தப்பு என்பதையும் இரு வீட்டாரும் போனிலேயே வாதாடிக்கொள்ளலாம்.